செத்துப்போன ரகசியங்களுக்கு யார் காவல்?

சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, நாகர்கோவில் வண்டி பிடிக்கிறவர்கள் நாங்குநேரி பக்கம் போகும்போது தூங்காமல் இடது பக்கம் பார்த்தால் தூரத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிற கம்பங்கள் தெரியும். செல்போன் டவர் என்று நினைத்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். செல்போன் டவர் இல்லை அது. விஜயநாராயணத்தில் இருக்கிற கடற்படைத் தளம். பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கினார்கள். கரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது கடற்படை வழக்கம். அங்கே இருக்கிற கம்பங்களில் உயரமானவை 471 மீட்டர். அதாவது நெல்லையப்பர் கோவில் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை முறை அடுக்கினாலும் எட்டுவது கஷ்டம். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அங்கிருந்து புறப்படுகிற அலைகள்தான் கடலுக்கடியில் முங்கிக் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி கொண்டுபோகும். சாதாரண ரேடியோ அலை தண்ணீருக்குள் இறங்காது.

அந்தத் தளத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டாலும் சொல்லக் கூடாது. அது உயிரோடு இருக்கிற ரகசியம். சண்டை அதைப் பற்றியதே இல்லை. அந்த அலைகள் யாருக்காகப் போகின்றனவோ அந்த அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தை ஆரம்ப காலத்தில் தலைமையேற்று நடத்திய ஒரு மனிதரைப் பற்றியும், அவர் அதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும், அந்தக் காரியத்தின் காகிதங்களை அரசாங்கம் என்ன செய்தது என்பதைப் பற்றியும்தான்.

அவர் பெயர் மிஹிர் குமார் ராய். வங்காளி. ஓய்வு பெற்றபோது வைஸ் அட்மிரல். நம்மூரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் 'காஸி' படம் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு, அதற்குப் பிறகு வருவோம்.

1961-ல் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் இந்தியாவுக்கு வந்தபோது, அதில் பறக்கப்போகிற ஆலிசே விமானங்களுக்கென்று பிரான்சில் ஒரு படைப்பிரிவு தொடங்கினார்கள். ஐ.என்.ஏ.எஸ். 310. நீர்மூழ்கிகளை வானத்திலிருந்து தேடிப் பிடிப்பது அதன் வேலை. அதன் முதல் தலைமை அதிகாரி ராய். பத்து வருஷம் கழித்து, 1971-ல், அவர் கேப்டன் ராய். (கடற்படை கேப்டனை தரைப்படை கேப்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், விஜயகாந்தோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடற்படையில் கேப்டன் என்றால் தரைப்படை கர்னலுக்குச் சமம்.) டெல்லியில் கடற்படை உளவுத்துறை இயக்குநர். அட்மிரல் நந்தாதான் அப்போது கடற்படைத் தளபதி.

அந்த வருஷம் மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் கொலைவெறி ஆடத் தொடங்கியது. அந்த நேரத்தில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் மாங்ரோ என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதில் வேலை பார்த்த வங்காளி மாலுமிகள் எட்டுப் பேர் கப்பலை விட்டு நழுவினார்கள். சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் என்று அலைந்து மாட்ரிட்டில் இந்தியத் தூதரகத்துக் கதவைத் தட்டினார்கள். ஏப்ரலில் டெல்லி வந்து சேர்ந்தார்கள். அரசாங்கத்துக்கு வேறு யோசனை இருந்திருக்கலாம். அகதி முகாமில் உட்கார வைத்து சோறு போட்டிருக்கலாம். ராயின் அலுவலகம் அந்த எட்டுப் பேரில் வேறொன்றைக் கண்டது. கிழக்கு வங்காளம் முழுக்க ஆறு. ராணுவத்துக்கு அரிசி, பெட்ரோல், தோட்டா எல்லாமே கப்பலிலும் படகிலும்தான் போயாக வேண்டும். அங்கே பிறந்த பையன்கள் நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகுகிறவர்கள். இரண்டையும் சேர்த்தால்?

சேர்த்தார்கள். மேற்கு வங்காளத்தில் பிளாசியில், பாகீரதி ஆற்றங்கரையில் ஒரு ரகசிய முகாம். 1757-ல் மீர் ஜாஃபர், அதாவது வங்காளத்து எட்டப்பன், சிராஜுத்தௌலாவைக் காட்டிக் கொடுத்த அதே பிளாசி. கமாண்டர் எம்.என். சமந்த் பொறுப்பெடுத்தார். மாணவர்கள், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் என்று நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி. மணிக்கணக்கில் ஆற்றில் நீச்சல். கப்பலின் அடிவயிற்றில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற லிம்பெட் வெடி ஒன்றை நெஞ்சில் வைத்து துவர்த்தால் கட்டிக்கொண்டு, இருட்டில் சத்தமில்லாமல் நீந்திப்போய் ஒட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வெடியில் இருந்த அடைப்பான் தண்ணீரில் கரையக் கொஞ்ச நேரம்தான் ஆகும், கரைந்தால் வெடித்துவிடும். நீந்திப் போகிற நேரத்தில் அது நனையாமல் இருக்க ஆணுறையை மாட்டினார்கள். இப்படி ஒரு சரக்கை மொத்தமாகக் கேட்டு எழுதின காகிதத்தைப் பார்த்து டெல்லி குமாஸ்தா யாராவது முழித்திருப்பார். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தாக்குதல் நாளைச் சொல்ல வயர்லெஸ் கொடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கல்கத்தா வானொலியில் ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்தால் தயாராகு, அடுத்த பாட்டு வந்தால் அன்று ராத்திரி இறங்கு என்று ஏற்பாடு. லட்சக்கணக்கான பேர் கேட்ட பாட்டு, சில பேருக்கு மட்டும் அது பாட்டு இல்லை. ஆகஸ்ட் 15 நள்ளிரவு தாண்டி, சிட்டகாங், மோங்ளா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் என்று நான்கு துறைமுகங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கப்பல்கள் வெடித்தன. பெரும்பாலான பையன்கள் கையில் இருந்த ஆயுதம் ஒரு கத்தி. அன்று இந்தியா யாருடனும் போரில் இல்லை, ஞாபகம் இருக்கட்டும். போர் வர இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. முதல் குண்டு விழுவதற்கு முன்னாலேயே கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை நெரிக்கத் தொடங்கியது டெல்லியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் உளவு அதிகாரியும், ஆற்றில் இறங்கின பையன்களும்.

இது எப்போது வெளியே வந்தது? ராய் 1995-ல் இந்தியப் பெருங்கடல் போர்களைப் பற்றி எழுதிய தன் புத்தகத்தில் சொன்னார். நடந்து 24 வருஷம் கழித்து. சமந்தும் பத்திரிகையாளர் சந்தீப் உன்னிதானும் சேர்ந்து எழுதிய 'ஆபரேஷன் எக்ஸ்' 2019-ல் வந்தது. 48 வருஷம் கழித்து. இரண்டுமே சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் ஞாபகத்திலிருந்தும் தேடிப்பிடித்ததிலிருந்தும் சொன்னவை. அரசாங்கம் கோப்பைத் திறந்து, 'இந்தா பார்' என்று காட்டியது இல்லை. அட்மிரலுக்கு எழுதத் தெரியும், பதிப்பகம் கிடைக்கும். பிளாசியில் பையன்களுக்குச் சமைத்துப் போட்டவருக்கு? நீச்சல் சொல்லிக் கொடுத்த சாதாரண மாலுமிக்கு? அவர்கள் வீட்டில் போய், 'தாத்தா 1971-ல் எங்கே இருந்தார்?' என்று கேட்டால் 'ஏதோ வடக்கே டியூட்டி' என்பதைத் தாண்டி பதில் வராது. ரகசியம் எல்லோருக்கும் சமமாக விதிக்கப்படுவதில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு ஒருநாள் அது புத்தகமாகிறது, கீழே இருக்கிறவர்களோடு அது சுடுகாட்டுக்குப் போகிறது.

இங்கே ஒரு கோஷ்டி திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வரும். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லிவிட்டாரே, ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைத்து வைத்ததைத் தானே வெளியே போட்டதாகும் என்று. சரிதான். அதே அதிகாரத்தின் மற்ற குறள்களையும் கொஞ்சம் வாசிக்கலாமே! முதல் குறளிலேயே, ஒற்றும் நூலும் ஆகிய இரண்டும் அரசனுக்குக் கண்கள் என்கிறார். இரண்டு கண். ஒன்றல்ல. உரையாசிரியர்கள் அந்த நூலை நீதிநூல் என்பார்கள்; ஆட்சி செய்கிறவன் தான் செய்ததைச் சரிபார்த்துக்கொள்ள எழுத்து வேண்டும் என்பது அதில் அடங்காமல் போகாது. இன்னும் கீழே போனால், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல் ஒத்துப்போனால்தான் தெளியலாம் என்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒற்றன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதே என்று சொன்ன ஊரில், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய போரைப் பற்றி ஓய்வு பெற்றவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பு என்கிறார்கள். சிறப்புச் செய்யாதே என்ற குறள் ஒற்றன் வேலையில் இருக்கிற காலத்துக்கு. வேலையும் முடிந்து, போரும் முடிந்து, எதிரி நாடே இரண்டாக உடைந்த பிறகும் மூடி வை என்று எந்த வள்ளுவரும் சொல்லவில்லை.

மூடி வைத்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு, காஸி.

பி.என்.எஸ். காஸி, அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த நீர்மூழ்கி. 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பியது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்கு வந்தது. தேடி வந்தது விக்ராந்தை. முதலில் தேடியது எங்கே தெரியுமா? மெட்ராஸ் கடலில். மெரினாவில் ஜனங்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் அது அந்தப் பக்கம் உலவியிருக்கிறது. அப்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவில்காரர். விக்ராந்தை அவர் அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் இருப்பதாக நாடகம் போட்டார். கழற்றிப் போடுகிற வயதில் இருந்த ராஜ்புத் என்ற கப்பலை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் கேட்டு ஆர்டர் போனது. சந்தையில் பேச்சு கிளம்பினால் உளவாளி காதுக்குத் தானாகப் போகும் என்ற கணக்கு. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் சொன்னது மதியத்துக்குள் ராஜபாளையம் போய்விடுகிற மாதிரி. விக்ராந்தின் மாலுமி ஒருவன், உடம்பு சரியில்லாத தன் அம்மாவைப் பற்றி விசாரித்துத் தந்தி கொடுத்த மாதிரி ஒரு செய்தியையும் வேண்டுமென்றே மறைக்காமல் அனுப்பினார்கள்.

நீர்மூழ்கி வருவது எப்படித் தெரிந்தது? சிட்டகாங்கிலிருந்து மேற்குப் பாகிஸ்தானுக்குப் போன ஒரு செய்தியை இடைமறித்தார்கள். ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தது. அந்த எண்ணெய் நீர்மூழ்கிக்கும் கண்ணிவாரிக் கப்பலுக்கும்தான் தேவைப்படும். எண்ணெய் டப்பாவை வைத்துக் கப்பலைக் கண்டுபிடித்த கதை இது! ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம் எதற்கு.

டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட ராத்திரி விசாகப்பட்டினம் வாசலில் காஸி மூழ்கியது. உள்ளே 90-க்கும் மேற்பட்டவர்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. எப்படி மூழ்கியது? ராஜ்புத் போட்ட ஆழவெடியால் என்பது இந்தியக் கணக்கு. அது வைத்த கண்ணிவெடியே அதற்கு எமனானது, அல்லது உள்ளேயே வெடித்தது என்பது பாகிஸ்தான் கணக்கு. கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. 2024-ல் இந்தியக் கடற்படை தன் புதிய மீட்பு வாகனத்தை வைத்து இருப்பிடத்தைப் பார்த்ததாகவும், இறந்தவர்களுக்கு மரியாதையாகத் தொடாமல் விட்டதாகவும் செய்தி வந்தது. கப்பல் இருக்கிறது, சரி. காகிதம்? 2010-ல் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த செய்தி காஸி சம்பந்தப்பட்ட கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்றது. தரைப்படைக் கதை இன்னும் மோசம். கல்கத்தாவில் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் இருந்த 1971 போர் ஆவணங்களில் பெரும்பகுதி, முக்தி பாஹினியை உருவாக்கின விவரம் உட்பட, இல்லை. போரின்போது அங்கே தலைமைப் பணியாளராக இருந்த ஜேக்கப், 1974-ல் அதே இடத்துக்குத் தளபதியாகப் போய்க் கேட்டபோதே கிழித்துப் போட்டாகிவிட்டது என்று பதில் வந்ததாகச் சொன்னார்.

கிழித்துப் போட்டது யார்? எதிரியா? இல்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மார்தட்டுகிற அதே ஆபீஸ்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் வீட்டுப் பத்திரத்தைத் திருடன் எடுத்துவிடுவான் என்று அடுப்பில் போடுவதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர்.

காகிதம் இல்லாத இடத்தில் சினிமா வந்து உட்கார்ந்துகொள்ளும். 2017 படத்தில் இந்திய நீர்மூழ்கி ஒன்று கடலுக்கடியில் காஸியோடு மோதி அதை அழிக்கிறது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள், ஜனகணமன பாடும் காட்சியில் கண்ணீரும் விட்டார்கள். எந்த இந்திய நீர்மூழ்கியும் காஸியை அழித்ததாக இந்தியக் கடற்படையே சொன்னதில்லை. படத்தில் வருகிற எஸ் 21 என்ற எண் கரஞ்ச் என்ற நீர்மூழ்கியுடையது. 1971 போரில் அது மேற்குக் கடலில் இருந்தது. அதில் ஒரு வேடிக்கை. நிஜ கரஞ்சின் முதல் தலைமை அதிகாரி வேறு யாருமில்லை, பிளாசி முகாமை நடத்திய அதே சமந்த்தான். நிஜமான ஆள் நிஜமாகச் செய்ததை யாரும் படமெடுக்கவில்லை, அவர் கப்பலின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்காததைப் படமெடுத்தார்கள். சினிமாக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கற்பனை என்று முதலிலேயே போட்டுவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பையன் அதையே வரலாறு என்று நம்புகிறான் என்றால் அவன் சரிபார்க்க வேறு எதுவும் அவனிடம் கொடுக்கப்படவில்லை.

வெற்றியின் கதையே இப்படி என்றால் தோல்வியின் கதை? டிசம்பர் 9 ராத்திரி டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரியை ஹாங்கர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லாவும் கப்பலோடு போனார். அந்தக் கடலில் நீர்மூழ்கி இருக்கிறது என்று வானொலி அலைகளைப் பிடித்து முன்பே தெரிந்திருந்தது. அதை வேட்டையாடத்தான் குக்ரி அனுப்பப்பட்டது. சோனார் கருவியின் வீச்சைக் கூட்டிப் பார்க்கிற சோதனைக்காகக் கப்பல் வேகத்தைக் குறைத்து ஓடியது. நீர்மூழ்கி உலவுகிற கடலில் மெதுவாகப் போக ஒத்துக்கொண்டது யார் யார், எச்சரித்தவர் உண்டா? 194 குடும்பங்கள் இதைக் கேட்க உரிமை இல்லாதவர்களா? கடற்படையின் பொறுப்பான வரலாற்றாசிரியர் ஹிரநந்தானி தன்னால் முடிந்தவரை எழுதினார், அந்த அளவில் தரைப்படையைவிடக் கடற்படை நேர்மையாக நடந்துகொண்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரலாற்றாசிரியர் பார்த்த காகிதத்தை மற்றவர்கள் பார்க்க முடியாதென்றால் அது வரலாறு இல்லை, அறிக்கை.

'உளவுத்துறைக் கோப்பைத் திறந்தால் நாடு என்னாவது' என்கிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1942-ல் மிட்வே சண்டைக்கு முன்னால் ஜப்பானியக் கடற்படையின் குழூஉக்குறியை உடைத்த குழுவுக்குத் தலைவர் ஜோசப் ரோஷஃபோர்ட். ராய் போலவே கடற்படை அதிகாரி. ஜப்பான் தாக்கப்போகிற இடம் எது என்று வாஷிங்டனில் இருந்த மேலதிகாரிகள் சந்தேகப்பட்டபோது, மிட்வேயில் குடிதண்ணீர் இயந்திரம் கெட்டுவிட்டது என்று வேண்டுமென்றே ஒரு பொய்ச் செய்தி அனுப்ப வைத்து, ஜப்பான்காரர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பிடித்து நிரூபித்தவர்கள் அந்தக் குழுதான். சண்டையில் அமெரிக்கா ஜெயித்தது. ரோஷஃபோர்டுக்கு என்ன கிடைத்தது? வாஷிங்டன் ஆட்கள் பெருமையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள், பதக்கப் பரிந்துரை மறுக்கப்பட்டது, அந்த வேலையிலிருந்தே மாற்றப்பட்டார். 1976-ல் இறந்தார். 1986-ல் இறந்தவருக்குப் பதக்கம் வந்தது. நாற்பது வருஷம் கழித்து அது நடந்ததற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் அல்ல. அவரோடு வேலை பார்த்தவர்கள் விடாமல் போராடினார்கள், போராட அவர்கள் கையில் திறந்துவிடப்பட்ட காகிதம் இருந்தது. காகிதம் திறந்ததால் அமெரிக்கக் கடற்படை மூழ்கிப் போய்விடவில்லை.

இந்தியாவில் நிஜமாகவே கசிந்தது எது? 2005-ல் டெல்லி கடற்படைத் தலைமையகப் போர் அறையிலிருந்து தகவல் வெளியே போனது. பென் டிரைவில் போனது. மூன்று கடற்படை அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். போனது 1971 கோப்பா? அன்றைய தேதியில் உயிரோடு இருந்த தகவல். விற்கிறவன் விலை போகிறதைத்தான் விற்பான். ஐம்பது வருஷப் பழைய மசகு எண்ணெய் தந்தியை வாங்க ஆள் இல்லை. காவல் போட வேண்டிய இடத்தில் ஓட்டை, சுடுகாட்டு வாசலில் நான்கு பூட்டு.

ராய்க்கு இந்த வித்தியாசம் தெரியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. விசாகப்பட்டினத்தில் கிருஷ்ணன் உட்கார்ந்த கிழக்குக் கடற்படைத் தலைமை நாற்காலியில் பின்னாளில் இவரும் உட்கார்ந்தார். 1980-களின் நடுவில் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்குத் தலைவரானார். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரே 'உயர் தொழில்நுட்பக் கலம்' என்று யாருக்கும் ஒன்றும் புரியாத பெயர். அதன் அணு உலையின் மாதிரியைத் தமிழ்நாட்டில்தான், கல்பாக்கத்தில் தரைமேல் கட்டிப் பார்த்தார்கள். 2006-ல் ஓடத் தொடங்கியது. அது அங்கே இருப்பதை அரசாங்கம் வெளிப்படையாகச் சொன்னது 2009-ல், அரிஹந்த் தண்ணீரில் இறக்கப்பட்ட பிறகு. அத்தனை வருஷம் மூடியதில் தப்பில்லை, உலை உயிரோடு இருந்தது. அதே மனிதர்தான் செத்த ரகசியத்தை 1995-ல் பேசவும் செய்தார். உயிருள்ளதைக் காப்பாற்றவும் செத்ததைச் சொல்லவும் தெரிந்த அதிகாரி அவர். அவர் வேலை பார்த்த அரசாங்கத்துக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993 பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும் 25 வருஷம் தாண்டின கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. தகவல் அறியும் சட்டம் 20 வருஷம் தாண்டின விஷயத்தைக் கொடு என்கிறது, கூடவே நாட்டின் பாதுகாப்பு என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. அந்த விதிவிலக்கு ஊசிமுனை மாதிரி இருந்திருக்க வேண்டும், ஆபீசர் கைக்குப் போனதும் கோவில் ராஜகோபுர வாசல் மாதிரி ஆகிவிட்டது. 1971 போர் வரலாற்றைப் பாதுகாப்பு அமைச்சகமே 1992-ல் எழுதி முடித்தது, பூட்டி வைத்தது, 2000-ல் ஒரு பத்திரிகை இணையத்தில் போட்டுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. 2021 ஜூனில் அமைச்சகம் புதிய கொள்கை அறிவித்தது. போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருஷத்தில் திறக்க வேண்டும், போர் முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வரலாறு தொகுக்க வேண்டும் என்று. கைதட்டலாம். ஆனால் கொள்கையில் 'சாதாரணமாக' என்று ஒரு வார்த்தை இருக்கிறது.

அந்த ஒரு வார்த்தைதான் தமிழர்களுக்குப் பயம் தர வேண்டியது. ஏனென்றால் 1971-ஐத் திறப்பதில் டெல்லிக்குப் பெரிய சங்கடம் இல்லை. ஜெயித்த போர். பிளாசி முகாம் இன்று பெருமைப்படுகிற கதை. ஆனால் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1983-க்குப் பிறகு, பக்கத்து நாட்டு இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கிற இதே வேலை டேராடூன் பக்கமும் தமிழ்நாட்டிலும் திரும்ப நடந்தது. அந்தப் பையன்கள் வங்காளி இல்லை, ஈழத் தமிழர்கள். அதன் முடிவு வெற்றி இல்லை. 1987 ஜூலையில் ஒப்பந்தம், அமைதிப்படை, அக்டோபரில் சண்டை, தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கிச் சூடு, டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் செத்தது, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் சாவு, 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. இதிலும் கடற்படை இருந்தது, அதன் உளவுத்துறையும் இருந்தது. பாக் நீரிணையில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது அதன் வேலை. டெல்லிக்கு அவர்கள் என்ன எழுதினார்கள்? 'வேண்டாம்' என்று ஒருவராவது எழுதினாரா? எழுதியிருந்தால் அவர் யார்? தமிழ்நாட்டு ரோஷஃபோர்ட் ஒருவர் அந்தக் கோப்பில் இருக்கிறாரோ என்னவோ.

பிளாசியைப் பேசலாம், யாழ்ப்பாணத்தைப் பேசக் கூடாது என்றால் அது பாதுகாப்புக்காக வைத்த ரகசியம் இல்லை, வெட்கத்துக்காக வைத்தது. 25 வருஷக் கணக்கின்படி 2015-லேயே அந்தக் கோப்புகள் காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டும். 1971 காகிதத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துவிட்டதா என்பதுகூட வெளியே சொல்லப்படவில்லை.

இதற்கு டெல்லியில் ஊர்வலம் போக வேண்டியதில்லை. சங்கரன்கோவில் தென்காசி மக்களவைத் தொகுதியில் வருகிறது. மக்களவையில் கேள்வி கேட்க எம்.பி. பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும். தென்காசிக்காரர் கேட்காவிட்டால் தமிழ்நாட்டில் மிச்சம் 38 பேர் இருக்கிறார்கள். கேள்வி நீளமாகக்கூட வேண்டாம். 1971 போரையும் 1987 முதல் 1990 வரையிலான இலங்கை நடவடிக்கையையும் பற்றிய கடற்படை உளவுத்துறைக் கோப்புகள் எத்தனை இன்று இருக்கின்றன? எத்தனை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன? எத்தனை அழிக்கப்பட்டன, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில்?